சத்தம் நின்ற பிறகு

எங்கள் ஊரில் யார் செத்தாலும் விடிவதற்குள் சுவரில் போஸ்டர் ஏறிவிடும். கண்ணீர் அஞ்சலி. நடுவில் ஆள் படம், ஒரு பக்கம் தோற்றம், மறுபக்கம் மறைவு, இரண்டுக்கும் கீழே தேதி. அடியில் வருந்துகிறவர்கள் பெயர் இருபது முப்பது. தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை போனால் அந்த வாரம் யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

நானும் ஒரு போஸ்டர் அடிக்க வேண்டியிருக்கிறது. டயல்-அப் இணைய இணைப்புக்கு. தோற்றம் தெரியும்: 15.8.1995. விதேஷ் சஞ்சார் நிகாம், அதாவது வி.எஸ்.என்.எல்., சென்னை, மும்பை, டெல்லி, கல்கத்தா நகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட நாள் அது. மறைவுதான் இடிக்கிறது. தேதி கிடையாது.

தந்திக்கு இருக்கிறது. 2013 ஜூலை 14. அன்றைக்கு ஊர் ஊராக ஜனங்கள் தந்தி ஆபீசில் வரிசை கட்டி நின்று, அனுப்ப ஆள் இல்லாதவர்கள் தங்களுக்குத் தாங்களே அனுப்பிக்கொண்டார்கள். யாஹூ மெசஞ்சருக்கு இருக்கிறது, 2018 ஜூலை 17. அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனம் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30ஆம் தேதியோடு நிறுத்துவதாக அறிவித்தபோது, செய்தியைப் படித்த பாதிப் பேர் கேட்டது ‘அது இன்னுமா உயிரோட இருந்துச்சு?’ என்றுதான். இருந்தாலும் அந்த ஊரில் ஒரு தேதியாவது குறித்தார்கள். நம்மூரில் அது வீடு வீடாகச் செத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். ‘டேட்டாஒன்’ என்று பிராட்பேண்டைக் கொண்டுவந்தது. எந்தத் தெருவுக்கு எந்த மாதம் அது வந்ததோ, அந்தத் தெருவில் அந்த மாதம் ஒரு சாவு. யாரும் அழவில்லை. சொல்லப்போனால் எல்லோருக்கும் சந்தோஷம்.

டயல்-அப்பை நினைத்து உருகுகிறவர்கள் எல்லோரும் அந்தச் சத்தத்தைத்தான் சொல்வார்கள். க்ரீச், ட்ட்ர்ர், கொர்ர்ர். அதை ரிங்டோனாக வைத்திருக்கிறவர்கள்கூட உண்டு. சத்தத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. நன்றாகத்தான் இருக்கும். முதலில் டயல் டோன், பிறகு எண்களை அழுத்தும் குழல் ஒலி, எதிர்முனை எடுத்ததும் 2100 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட ஊதல். அந்த ஊதலுக்குள் அவ்வப்போது ஒரு புரட்டு இருக்கும். தொலைபேசி வலையில் இருக்கிற எதிரொலி அடக்கிகளுக்கு அது ஒரு சொல்: இங்கே பேசுவது மனுசன் இல்லை, ஒதுங்கிக்கொள். அப்புறம் இரண்டு மோடங்களும் இந்தக் கம்பி எவ்வளவு தாங்கும், எந்த அலைவரிசை தேய்ந்திருக்கிறது, எவ்வளவு வேகத்தில் பேசலாம் என்று உரசிப் பார்த்துக்கொள்ளும். அந்த உரசல்தான் கடைசியில் கேட்கிற கொர்ர்ர்.

பிறகு பட்டென்று நின்றுவிடும். மோடத்தின் ஸ்பீக்கர் வேலை அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு இருந்த நாலைந்து விநாடி மவுனத்தைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. திரையில் ஒரே ஒரு வரி நிற்கும்: பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கிறது. வாசல் வரை வந்தாயிற்று. உள்ளே விடுவானா மாட்டானா? என் இருபதுகளின் பாதி அந்த மவுனத்துக்குள் கழிந்தது. இந்த அஞ்சலி அதற்கு.

2000த்தை ஒட்டிய வருசங்களில் நான் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் ‘சிஸ்டம் பாக்குத தம்பி’. அதுதான் பதவி, அதுதான் பெயர். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். தட்டச்சு தெரியும் என்பதால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள், உட்கார்ந்திருந்ததால் அது கெட்டுப்போனபோது என்னைக் கேட்டார்கள், ஒரு தடவை தற்செயலாகச் சரியாகிவிட்டதால் ஊரெல்லாம் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் காலத்து ‘எக்ஸ்பர்ட்’கள் பல பேரின் வரலாறு இதுதான்.

துறைமுகத்துக்கும் அது மாறுகிற காலம். 1974ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் 1999 முடியும் தறுவாயில் கண்டெய்னர் டெர்மினல் தனியார் கூட்டில் ஓடத் தொடங்கியது. இங்கே ஏறுகிற பெட்டிகள் பெரும்பாலும் சின்ன ஃபீடர் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே தாய்க்கப்பல் பிடித்து ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகும். ஃபீடர் கிளம்பும் முன் பி.எல். டிராஃப்ட், அதாவது கப்பல் சரக்கு ரசீதின் வரைவு, போய்ச் சேர வேண்டும், பார்ட்டி பார்த்துவிட்டு ‘ஓகே’ சொல்ல வேண்டும், எடை திருத்தம் இருந்தால் திருத்த வேண்டும். டெலெக்ஸில் போனது ஃபேக்ஸுக்கு வந்து, ஃபேக்ஸில் போனது மெயிலுக்கு வந்திருந்தது. கண்டெய்னர் நகர்கிற வேகம் கூடியது, காகிதம் நகர்கிற வழியோ ஒரு ஜோடிச் செம்புக் கம்பி. கரூரிலிருந்து துணி, சிவகாசியிலிருந்து தீப்பெட்டி என்று லாரி லாரியாக வந்து யார்டில் நிற்கும். அவ்வளவும் என் கம்ப்யூட்டரின் மூலையில், இணைப்பு கிடைத்தால் வரும் இரண்டு குட்டித் திரைகள் கண் சிமிட்டுகிறதா என்பதைப் பார்த்து நிற்பதாக எனக்கு ஒரு பிரமை.

சிமிட்டாது. 691 வரும்.

டயல்-அப் தவறுகளுக்கு எண் உண்டு. 680 வந்தால் டயல் டோன் இல்லை: வயரைப் பார். 676 வந்தால் எதிர்முனை பிசி: பொறு. 678 என்றால் யாரும் எடுக்கவில்லை. 633 என்றால் மோடத்தை வேறொரு புரோகிராம் பிடித்துக்கொண்டிருக்கிறது: பெரும்பாலும் ஃபேக்ஸ் மென்பொருள். இவையெல்லாம் நேர்மையான தவறுகள். 691 அப்படியல்ல. ‘பெயரோ கடவுச்சொல்லோ தவறு, அனுமதி இல்லை’ என்பது அதன் வாசகம். அந்த ‘ஓ’வைக் கவனியுங்கள். பெயர் தவறா, சொல் தவறா என்றுகூடப் பிரித்துச் சொல்லாது. காரணம் இருக்கிறது. பெயர் சரி, சொல்தான் தப்பு என்று வாசல்காரன் சொன்னால் திருடனுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் திருடனுக்காகச் செய்த ஏற்பாட்டில் தினமும் மாட்டிக்கொண்டது அக்கவுண்டன்ட் அண்ணாச்சிதான்.

அண்ணாச்சிக்கு கேப்ஸ் லாக் ஒரு ஜென்மப் பகை. இன்வாய்ஸ் முழுக்க பெரிய எழுத்தில் அடித்துப் பழகியவர். அந்தக் கையோடு பாஸ்வேர்டையும் அடிப்பார். திரையில் தெரிவது நட்சத்திரம் மட்டும். ‘தம்பி, எழுத்தெல்லாம் சரியாத்தாம்ல அடிக்கேன், எண்ணிப் பாரு, எட்டு இருக்குல்லா’ என்பார். எட்டு இருக்கும். எட்டும் பெரிய எழுத்தாக இருக்கும்.

அடுத்த வகை, பெயரில் வரும் கோளாறு. சில இணைப்புகளில் தொலைபேசி எண்ணே பயனர் பெயர். எஸ்.டி.டி. குறியீட்டோடு அடிக்கச் சொல்வார்கள். எங்கள் ஊர்க் குறியீடு 0461. முன்னால் இருக்கிற சுழியம் வேண்டுமா வேண்டாமா? ஒரு நிறுவனத்துக்கு வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம். சிலருக்குப் பெயரோடு அட் குறியும் ஊர்ப் பெயரும் சேர்த்து அடிக்க வேண்டும், சிலருக்கு அதை அடித்தால்தான் தவறு. ஆறு மாதச் சந்தா கட்டி வாங்கின சிடி உறையில் அச்சிட்டிருப்பது ஒன்று, போனில் சொல்வது இன்னொன்று. நான் இதற்காகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தேன். யாருக்கு எது ஓடியது என்ற குறிப்பு. ஊரில் ஏழெட்டு அலுவலகங்களின் கடவுச்சொல் அந்த நோட்டில் இருந்தது என்பதை நினைத்தால் இப்போது வியர்க்கிறது. அன்றைக்கு அது டிபன் பாக்ஸோடு சைக்கிள் கேரியரில் போகும்.

மூன்றாவது வகைதான் என் தொழில் ரகசியம்: டிக் மார்க். விண்டோஸ் 98ல் இணைப்பின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் போய், சர்வர் டைப்ஸ் என்ற தாளைத் திறந்தால் வரிசையாகச் சதுரக் கட்டங்கள் இருக்கும். ‘லாக் ஆன் டு நெட்வொர்க்’ என்பதில் டிக் இருந்தால், அலுவலக வலையமைப்பு ஒன்றும் இல்லாத வெட்டவெளியில் அது அலுவலக வலையமைப்பைத் தேடி முழிக்கும். எடுத்துவிட வேண்டும். அடியில் நெட்பூயி, ஐபிஎக்ஸ், டிசிபி/ஐபி என்று மூன்று இருக்கும். கடைசியைத் தவிர மற்ற இரண்டையும் எடுத்துவிட வேண்டும். இத்தனையையும் எடுத்தால் இணைப்பு சில விநாடி சீக்கிரம் கிடைக்கும், கூட நிற்கிற முதலாளி ‘பய கெட்டிக்காரன்’ என்பார்.

அந்தத் தாளில் இன்னொரு கட்டம். ‘ரெக்வயர் என்கிரிப்டட் பாஸ்வேர்டு’. மறைகுறியிட்ட கடவுச்சொல்தான் வேண்டும் என்று நம் பக்கம் அடம்பிடிக்கிற கட்டம். பாதுகாப்பு என்றதும் யாருக்கும் கை பரபரக்கும், டிக் போட்டுவிடுவார்கள். போட்டதும் சில நிறுவனங்களோடு இணைப்பே நிற்காது, அறுந்துவிடும். ஏன் என்று எனக்கு இரண்டு வருசம் தெரியாது. ‘அத எடுத்துட்டா ஓடும்’ என்பது மட்டும் தெரியும். பிறகு ஒரு கப்பலில் மின்னணு அதிகாரியாக இருந்த மனுசர் ஒருவர், அலுவலகத்தில் காகிதத்துக்காகக் காத்திருந்த நேரத்தில், டீ கிளாஸை மேஜையில் நகர்த்தி நகர்த்தி விளக்கினார்.

வாசலில் பேர் சொல்ல இரண்டு முறை உண்டு. ஒன்று பாப். 1992ல் எழுதிவைத்த விதி. நீ உன் பெயரையும் கடவுச்சொல்லையும் உள்ளபடியே சொல்லிவிடுவாய், வாசல்காரன் தன் பேரேட்டில் பார்த்துத் தலையாட்டுவான். கம்பியில் யாராவது காது வைத்தால் போச்சு. மற்றது சாப். இதில் நீ கடவுச்சொல்லைச் சொல்லவே மாட்டாய். வாசல்காரன் ஒவ்வொரு முறையும் ஒரு புது எண்ணைக் கொடுப்பான். நீ அதோடு உன் கடவுச்சொல்லைக் கலந்து அரைத்து, அரைத்த விழுதை மட்டும் திருப்பிக் கொடுப்பாய். அவனும் தன்னிடம் உள்ளதை வைத்து அதேபோல அரைத்துப் பார்ப்பான். இரண்டு விழுதும் ஒன்றாக இருந்தால் உள்ளே போ. நாளைக்கு வேறு எண், வேறு விழுது. ஒட்டுக்கேட்டவனுக்கு மிஞ்சுவது நேற்றைய விழுது. இந்த இரண்டாவது விதியின் ஆவண எண் 1994, அது வெளிவந்த வருசம் 1996. இதை வைத்துக்கொண்டே அவர் என்னை ஐந்து நிமிசம் குழப்பினார்.

இப்போது கட்டத்துக்கு வருவோம். டிக் போட்டிருந்தால் நம் கம்ப்யூட்டர் ‘விழுதைத்தான் தருவேன், சொல்லை வெளிப்படையாகச் சொல்ல மாட்டேன்’ என்று நிற்கும். எதிரில் இருப்பவனுக்குப் பாப் மட்டும்தான் தெரியும் என்றால் பேச்சுவார்த்தை முறியும். இரண்டு பேரும் தத்தம் நியாயப்படி சரி. சம்பந்தம் பேசப் போன இடத்தில் நடப்பதுதான். நான் டிக்கை எடுத்தபோதெல்லாம், தூத்துக்குடியின் ஏற்றுமதி ரகசியங்களைப் பச்சையாகச் சொல்ல அனுமதித்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அடுத்த நாளும் எடுத்தேன். ஃபீடர் காத்திருக்குமா?

எதையும் தொடாமலே வருகிற 691 ஒன்று உண்டு. நேற்றுவரை ஓடியது, டிக் எல்லாம் சரி, பெயர் சரி, சொல் சரி, கேப்ஸ் லாக் விளக்கு அணைந்திருக்கிறது. அப்படியும் 691. நாலைந்து மாதம் எங்கள் அலுவலகத்தில் ராத்திரி எட்டரைக்கு மேல் இது வந்துகொண்டிருந்தது. பகலில் வராது. மோடத்தை மாற்றிப் பார்த்தேன். கடவுச்சொல்லை விண்டோஸ் சேமித்து வைக்கும் பி.டபிள்யூ.எல். கோப்பு கெட்டிருக்கும் என்று அதை அழித்துப் பார்த்தேன், அது அந்தக் காலத்துச் சர்வரோக நிவாரணி. இரண்டு தடவை விண்டோஸையே புதிதாகப் போட்டேன். எட்டரை ஆனால் 691.

ஒரு நாள் முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன் சென்னையில் என்ஜினியரிங் படித்தான், வெளியே அறை எடுத்துத் தங்கியிருந்தான். அவனுக்குப் போன் போட்டுவிட்டு வைத்தார்.

‘எங்கேஜ்டா இருக்கு தம்பி. எப்ப ராத்திரி போட்டாலும் எங்கேஜ்டுதான். கூட இருக்கவன் எவனோ பேசிக்கிட்டே கெடக்கான் போல.’

எனக்குள் ஏதோ ஒன்று டிக் ஆனது.

‘அண்ணாச்சி, நம்ம நெட் பாஸ்வேர்டு வேற யாருக்காவது குடுத்திருக்கீங்களா?’

‘வேற யாருக்குடே குடுக்கப் போறேன். எம்மவன்ட்ட மட்டுந்தான் சொன்னேன். புராஜெக்ட்டுக்கு வேணும்னான்.’

ஒரே கணக்கில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் நுழைய முடியாது. எந்த ஊரிலிருந்தும் டயல் செய்யலாம், ஆனால் ஒருவர்தான். இரண்டாவதாக வருகிறவனிடம் ‘நீ ஏற்கெனவே உள்ளே இருக்கிறாய்’ என்று சொல்ல அந்த வாசலுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே மறுப்புச் சொல் 691. சரியான பெயரோடும் சரியான சொல்லோடும் வந்து நிற்கிறவனைப் பார்த்து, நீ நீயில்லை என்று அது சொல்லிவிடும். சென்னையில் மகன் உள்ளே இருந்தான். தூத்துக்குடியில் அப்பா வாசலில் நின்றார்.

முதலாளியிடம் ‘சர்வர்ல பிரச்சினை அண்ணாச்சி’ என்று சொல்லிவிட்டேன். மறுநாள் பகலில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மகனைப் பிடித்தேன். எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை எங்களுக்கு, அதற்கு மேல் விடியும்வரை உனக்கு. ஒப்பந்தம் ஆயிற்று. எட்டரை 691 நின்றது. எனக்கு அந்த மாதம் இருநூறு ரூபாய் சம்பளம் கூடியது.

ரொம்ப வருசம் கழித்து அந்த மகனின் கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டே முதலாளி என் இலைக்கு வந்து குனிந்தார். ‘நூறு மணி நேர பேக்கு நாப்பது நாள்ல எப்படிடே தீந்துச்சு? நாம ஒரு நாளைக்கு அரை மணிதான போட்டோம்? எனக்குக் கணக்குத் தெரியாதுன்னு நெனச்சியாக்கும்’ என்று சொல்லிவிட்டு, பாயசம் ஊற்றச் சொல்லிப் போய்விட்டார்.

இதே ரகத்தில் இன்னொன்று. லைன் பாதியில் அறுந்தால், அறுந்தது நமக்குத் தெரியும், எதிர்முனைக்கு உடனே தெரியாது. நாம் இன்னும் உள்ளே இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். உடனே மறுபடி டயல் செய்தால் 691. மருந்து: எழுந்து போய் டீ குடி. பத்து நிமிசம் கழித்து அடித்தால் திறக்கும். நான் சரிசெய்த பல கேஸ்கள் இப்படி டீயால் சரியானவை. சும்மா இருந்தேன் என்று சொன்னால் யாரும் காசு தர மாட்டார்கள் என்பதால் போவதற்கு முன் ஏதாவது ஒரு டிக்கை எடுத்து, திரும்பி வந்து போட்டுவிடுவேன்.

லைன் ஏன் அறுந்தது என்பதற்கு எங்கள் ஊரில் தனிக் காரணம் உண்டு. உப்பு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். காற்றில் உப்பு, சுவரில் உப்பு, தொலைபேசி இணைப்புப் பெட்டியின் செம்பு முனையில் பச்சைப் பூஞ்சையாக உப்பு. குரல் பேச அது போதும். கொஞ்சம் கரகரக்கும், ‘ஆங்? என்ன?’ என்று கேட்டுக்கொள்ளலாம். மோடம் அப்படிக் கேட்காது. பெட்டியில் 56 கே என்று எழுதியிருக்கும். எங்களுக்கு 44 ஆயிரம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல முகத்தில் முழித்திருக்கிறோம். கச்சான் காற்று காலத்தில் 28,800. அந்த வேகத்தில் பெயர் சொல்கிற மவுனம் நீண்டுகொண்டே போகும். சொன்னது போய்ச் சேராமல், கேட்டது வந்து சேராமல், கடைசியில் 718 என்று காலாவதியாகும். இதற்கு டிக் மார்க் உதவாது. உப்புத்தாள் உதவும். பின்னைத் தேய்த்து, வயரை ஓர் அங்குலம் வெட்டி, புது முனை முறுக்கினால் சரியாகும். என் பையில் ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்தில் எப்போதும் அந்தத் தாள் ஒரு துண்டு இருக்கும். சென்னையிலிருந்து வந்த ஒரு கம்ப்யூட்டர் என்ஜினியர் அதைப் பார்த்து, ‘நீங்க கார்பென்டரா சார்?’ என்றார்.

வேலை முடிய ராத்திரி பதினொன்று ஆகிவிடும். பிறகு நைட் கிளப். வெளியூர்க்காரர்கள் திடுக்கிட வேண்டாம். தூத்துக்குடியில் நைட் கிளப் என்றால் புரோட்டாக் கடை. அங்கே எங்களைப் போல ‘செட்டிங்ஸ்’ பார்க்கிற நாலு பேர் சேர்ந்துவிடுவோம். ஒருவன் லினக்ஸ் பைத்தியம். விண்டோஸில் டிக் எடுப்பதை அவன் கேவலமாகப் பார்ப்பான். அவனுக்குக் கோப்பு. பாப்புக்கு ஒரு ரகசியக் கோப்பு, சாப்புக்கு ஒரு ரகசியக் கோப்பு, இரண்டையும் கையால் எழுதவேண்டும். ஓர் இடைவெளி தவறினாலும் கதை கந்தல். ‘ரகசியங்கள்’ என்று கோப்புக்கே பெயர் வைத்திருக்கிறார்கள் பாத்தியா என்று சால்னாவைத் தொட்டுக்கொண்டு சிரிப்பான். அவன் மோடம் விண்டோஸுக்கென்றே செய்த மலிவு ரகம், லினக்ஸில் டயலே செய்யாது. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வான். அந்த நாலு பேரும் இப்போது நாலு திசையில் இருக்கிறோம். எங்களுக்குத் தெரிந்திருந்த எதற்கும் இன்று ஒரு பைசா மதிப்பில்லை. வருத்தமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்கிறேன்.

இந்தக் கரைக்குத் தேதியில்லாத சாவு புதிதல்ல. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அதோடு சரி. 1961ல் கரையேறிய குளியாள் யாருக்கும் இதுதான் கடைசி என்று தெரியாது. பாரில் சிப்பி விளைந்தால் அறிவிப்பார்கள், அடுத்த வருசமோ அதற்கு அடுத்த வருசமோ போகலாம் என்றுதான் இருந்திருப்பார்கள். நூற்றாண்டுகளாக அது அப்படித்தான் நின்று நின்று நடந்தது. சில பத்தாண்டு சும்மா கிடந்து பிறகு திடீரென்று விளையும். அதனால் செத்துவிட்டது என்று சொல்ல யாருக்கும் நா எழவில்லை. 1973ல் இதே தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் அழகர்சாமியின் குழு சிப்பிக்குள் கருவை வைத்து முத்தை வளர்த்துக் காட்டியது. இந்தியாவில் முதல் தடவை. ஆனால் அது வேறு முத்து, வேறு தொழில். குளியாளுக்கு அங்கே வேலை இல்லை.

கடலில் குதிக்கிறவனுக்குப் படகில் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று கரையில் ஒரு பேச்சு உண்டு. தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறது, கவனம் பிசகாது. மூச்சு முட்டும்போது கீழேயிருந்து ஓர் இழுப்பு, மேலேயிருந்து பதில் இழுப்பு. பாப், சாப் எல்லாம் அந்த இழுப்புக்கு எழுதின விதிதான் என்று லினக்ஸ்காரன் ஒரு ராத்திரி சொன்னான். புரோட்டா மயக்கத்தில் நாங்கள் ஒத்துக்கொண்டோம். இப்போது யோசித்தால் பாதிதான் சரி. எங்கள் கயிற்றின் மறுமுனையில் மச்சான் இல்லை, 691 சொல்கிற மிஷின் இருந்தது.

2006ல் தூத்துக்குடியிலிருந்து கொழும்பை அடுத்த கல்கிசைக்குக் கடலடியில் கண்ணாடி இழைக் கேபிள் வந்தது. பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து போட்டது, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். எங்கள் பி.எல். டிராஃப்ட் போய்ச்சேர வேண்டிய ஊருக்கு எங்கள் கடற்கரையிலிருந்தே நேர் வழி. அது வந்தபோது நான் அந்த அலுவலகத்தில் இல்லை. பிராட்பேண்ட் வந்த பிறகு ‘சிஸ்டம் பாக்குத தம்பி’க்கு வேலை குறைந்துவிட்டது. இணைப்பு எப்போதும் இருந்தது. நீ யார் என்று யாரும் சத்தமாகக் கேட்கவில்லை.

கேட்கவே இல்லை என்பது தப்பு. போன மாதம் வீட்டு ஃபைபர் இணைப்பு நின்றுபோய், அந்தச் சின்ன ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பயனர் பெயர், கடவுச்சொல், அதற்குக் கீழே ஒரு கட்டம்: பாப், சாப், ஆட்டோ. டயல்-அப்புக்கு எழுதின விதியையே 1999ல் ஈதர்நெட் வயருக்கு மாற்றி எழுதிக்கொண்டார்கள், இன்றும் பல இணைப்புகள் அதில்தான் ஓடுகின்றன. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அந்தப் பெட்டி தன்னந்தனியாக வாசலில் நின்று பெயரைச் சொல்லி, உள்ளே போய், பச்சை விளக்கைப் போடுகிறது. ஆள் தேவையில்லை. பெரும்பாலும் ஆட்டோவில் இருக்கும் அந்தக் கட்டத்தை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் மாற்றவில்லை. பத்து நிமிசத்தில் தானாக வந்துவிட்டது. டீ குடித்திருந்தேன்.

ஆக, போஸ்டர் தயார். படத்துக்கு அந்த இரண்டு குட்டித் திரைகளை வரைந்தாயிற்று. தோற்றம் 15.8.1995 என்று போட்டாயிற்று. வருந்துவோர் வரிசையில் நைட் கிளப் நாலு பேர், அக்கவுண்டன்ட் அண்ணாச்சி, சென்னையில் படித்த மகன். என்னுடைய கடைசி டயல் எந்த நாள் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், எழுதி வைக்கவில்லை. கடைசியாகத் தங்கள் வீட்டிலோ கடையிலோ மோடம் கத்தி ஓய்ந்து, பெயர் கேட்டு உள்ளே விட்ட தேதி யாருக்காவது உறுதியாகத் தெரிந்தால், ஒரு பழைய போன் பில்லாவது கையில் இருந்தால், சொல்லுங்கள். மறைவு என்ற சொல்லுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.